சர்க்கரை சரியாகத்தான் இருந்தது

உயிர்வேதியியல் துறைக்குப் புதிதாகப் பாடம் நடத்த வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நாலு வார்த்தையில் எதையும் முடித்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள். பசியாறாமல் வந்தவர்கள் யாராவது இருந்தால் அந்த மேசையில் வடை இருக்கிறது, கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நம்முடைய பாடத்தைப் படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு எந்தப் பிள்ளையும் கல்லூரிக்கு வருவதில்லை. மருத்துவம் படிக்க வருகிறவர்களுக்கு இதயமும் மூளையும் வேண்டும். பல் மருத்துவம் படிக்க வருகிறவர்களுக்குப் பல் வேண்டும். நடுவில் நாம் பாலத்து டோல் சாவடி மாதிரி நிற்கிறோம். கட்டவேண்டியதைக் கட்டிவிட்டுக் கடந்துபோனால் போதும் என்றுதான் நம்மைப் பார்ப்பார்கள். அதற்காக வருத்தப்படாதீர்கள். நான் பல வருடம் வருத்தப்பட்டுப் பார்த்தேன், ஒரு பிரயோசனமும் இல்லை.

அப்படிக் கடந்துபோக நினைத்தவர்களில் ஒருத்தி ரேணுகா. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறிப் பினாங்குக்கு வந்து படித்த பல் மருத்துவ மாணவி. வாய் கொஞ்சம் நீளம். முதல் வாரமே கையைத் தூக்கி, "மேடம், பல்லு புடுங்கப் போறவளுக்கு கொழுப்பு எப்படி எரியுதுன்னு தெரிஞ்சு என்னா ஆகப் போவுது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. "பரீட்சையில வரும்மா" என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். பரீட்சையில் வந்தது. தட்டுத்தடுமாறித் தேறினாள்.

நான் இன்று சொல்லப்போவது அவள் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது நடந்தது. நான் ஓய்வு பெறுவதற்கு முன் வந்த கடைசித் தைப்பூசம். அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமூச்சு வரும். நிம்மதியில் வருகிற பெருமூச்சு.

எங்கள் கல்லூரித் தமிழ் மாணவர்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் வருடந்தோறும் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கப் பெண். ஆனாலும் தைப்பூசத்தன்று அந்தப் பந்தலில் மோர் கலக்குவது என் வேலை. பினாங்கில் இதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. மோரில் உப்பு சரியாக இருந்தால் போதும். பக்கத்துக் கூடாரத்தில் முதலுதவி மேசை. அதில் டாக்டர் ஹாஃபிஸ் என்ற இளைஞர் இருந்தார். படிப்பு முடிந்து அதிக நாள் ஆகவில்லை, ஆனால் பொறுமைசாலி. கால் கொப்புளத்துக்கு மருந்து போடும்போதுகூட ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில், உறுமி மேளம் முன்னால் முழங்க, தலையில் பால்குடத்தோடு ஒருவர் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, மஞ்சள் வேட்டி, வெற்று மார்பு. எங்கள் பந்தலுக்கு நேராக வந்ததும் தடுமாறினார். கூட வந்த மனைவி சட்டென்று குடத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். குடம் சுமந்துவந்தவர் பந்தலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். பிள்ளைகள் ஓடிப்போய்க் கைத்தாங்கலாக அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"சாமிக்குத் தண்ணி குடுங்க! மொகத்தத் தொடச்சு விடுங்க!" என்று உறுமிக் குழுவிலிருந்து ஒருவர் கத்தினார். அவர் குணா, அந்த அம்மாளின் தம்பி. குழுவுக்குத் தலைவரும் அவர்தான்.

வந்தவரின் பெயர் மாரிமுத்து. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். வீடு ஆயர் ஈத்தாமில், அடுக்குமாடி. மனைவி பெயர் சாந்தி. இதெல்லாம் டாக்டர் ஹாஃபிஸ் கேட்கக் கேட்கச் சாந்தி சொன்னது. நீரிழிவு உண்டு என்றும் சொன்னார். உடனே டாக்டர் விரல் நுனியில் குத்தி மெஷினில் சர்க்கரை பார்த்தார். ஒன்பது சொச்சம் மில்லிமோல், மில்லிகிராம் கணக்கில் நூற்று எழுபது போல. நீரிழிவுக்காரருக்கு அது பயப்படவேண்டிய அளவே இல்லை.

"இறங்கியிருக்குமோ என்று பயந்தேன். இறங்கவில்லை, ஏறவும் இல்லை" என்று டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "வெயிலும் பட்டினியும்தான். கொஞ்ச நேரம் உட்காரட்டும், தண்ணீர் குடிக்கட்டும்."

எனக்கும் அது சரி என்றே பட்டது. நான் மோர்ப் பானைக்குத் திரும்பிப் போனேன்.

கரண்டியைக் கையில் எடுத்திருப்பேன், ரேணுகா வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"மேடம், கொஞ்சம் வாங்களேன். அந்த அண்ணன் வாயில ஒரு வாசம் வருது."

"விரதம் இருக்காரும்மா. வாசம் வரத்தான் செய்யும்."

"அது எனக்குத் தெரியும் மேடம். காலையிலேர்ந்து எத்தன சாமிக்கு மோர் குடுத்துருக்கேன்! எல்லார் வாயையும் கிட்டத்துல பாத்தாச்சு. இது வேற லா. நகச்சாயம் அழிப்போமே, அந்தத் தண்ணி மாதிரி அடிக்குது. பல்லு ஈறுலேர்ந்து வரல. அதையும் பாத்துட்டேன்."

"எப்படிப் பாத்த?"

"வாய கொப்புளிக்கச் சொல்லி, போன் லைட் அடிச்சு."

சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பக்தரின் ஈறைத் தைப்பூசத்தன்று சோதித்த ஒரே ஆள் இவளாகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. அதனால் கரண்டியை வைத்துவிட்டுப் போனேன்.

எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. சாம்பிராணிப் புகை, கற்பூரம், உடைத்த தேங்காய் எல்லாம் சேர்ந்து என் மூக்கு எப்போதோ வேலைநிறுத்தம் செய்திருந்தது. அவள் மூக்கை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யவேண்டியிருந்தது. அதோடு இன்னொரு சிக்கல். பட்டினி கிடக்கிற எவர் உடம்பிலும் கொழுப்பு எரியும், கீட்டோன் உண்டாகும், அதில் ஒரு பகுதி அசெட்டோனாக மூச்சில் வெளியேறும். தவக்காலத்தில் எனக்கும் வரும். அதில் ஆபத்து ஒன்றுமில்லை. அந்தச் சாலையில் அன்று நடந்த பாதிப் பேர் மூச்சில் அது இருந்திருக்கும்.

ஆகவே வாசத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தேன். மாரிமுத்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. மூச்சு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. வேக வேகமாக இரைக்கவும் இல்லை. ஒவ்வொரு மூச்சும் ஆழமாக, ஒரே சீராக, விலா எலும்பு விரிந்து அடங்கும்படி வந்துகொண்டிருந்தது. மேல்சட்டை இல்லாததால் எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு குணா குறுக்கே வந்தார்.

"தொடாதீங்க மேடம். அருள் வந்துக்கிட்டு இருக்கு. மூச்சு வாங்குது பாருங்க. இப்ப மேளத்த அடிச்சா எழுந்துருவாரு."

அருளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அந்தச் சாலையில் நிற்கிறவள் நான், அருள் வருகிறவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகி நான் பார்த்ததில்லை. மாரிமுத்து முனகினார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

சாந்தி குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தார். கீழே வைக்கக்கூடாது என்பதால் அப்படியே நின்றார்.

"சாமி எப்படிம்மா விரதம் இருந்தாரு?" என்று கேட்டேன்.

"ஒரு வேள சாப்பாடுதான் மேடம். இந்தக் கடைசியில அதுவும் இல்ல. சோத்த வுட்டுட்டு பாலு, எளநி மட்டும்தான். நான் சொல்லிப் பாத்தேன், கேக்கல."

"சர்க்கரை மாத்திரை?"

"அத மட்டும் வுடல. கிளினிக்ல கண்டிப்பா சொன்னாங்க, ஒரு நாளு கூட நிறுத்தக் கூடாதுன்னு. ரெண்டு மாத்திர. ஒண்ணு பழசு. இன்னொண்ணு இப்பத்தான் புதுசா குடுத்தாங்க."

"புதுசு எப்படிப்பட்டதுன்னு சொன்னாங்களா?"

"ஒண்ணுக்கு வழியா சர்க்கரைய வெளிய தள்ளிருமாம். அடிக்கடி போவும், நெறைய தண்ணி குடிக்கணும்னாங்க. அது சாப்பிட்டதிலேர்ந்து சர்க்கர நல்லா கட்டுக்குள்ள இருக்கு மேடம். அவருக்கு ரொம்ப சந்தோசம்."

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னோடு சேர்ந்து யோசிக்க வேண்டும். மாணவர்களின் மனப்பாடத்தில் நீரிழிவு, கீட்டோன், எகிறிய சர்க்கரை மூன்றும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். ஒன்று வந்தால் மற்றது வரும், சர்க்கரை எகிறாவிட்டால் கீட்டோனைப் பற்றிக் கவலை இல்லை என்று நினைப்பார்கள். ஆனால் அவை மூன்றும் ஏன் சேர்ந்து வருகின்றன? இன்சுலின் குறைந்தால் இரண்டு காரியம் நடக்கும். இரத்தத்தில் சர்க்கரை தேங்கும். கொழுப்பு கட்டவிழ்ந்து கல்லீரலுக்குப் போய்க் கீட்டோனாக மாறும். இரண்டும் தனித்தனி வழிகள். முதல் வழியில் தேங்குகிற சர்க்கரையை ஒரு மாத்திரை சிறுநீரில் வடித்துவிட்டால் மெஷின் நல்ல எண்ணைத்தான் காட்டும். இரண்டாவது வழியை அந்த மாத்திரை அடைப்பதில்லை. அதற்கு மேல் சோறும் இல்லை என்றால் இன்சுலின் இன்னும் தாழும், கொழுப்பு இன்னும் எரியும், கீட்டோன் குவியும். கீட்டோன் அமிலம். அமிலம் ஏறினால் உடம்பு அதைக் கரியமில வாயுவாக மாற்றி ஊதித் தள்ளப் பார்க்கும். அதற்குத்தான் அந்த ஆழமான மூச்சு.

எல்லாம் பொருந்தியது. பொருந்திவிட்டது என்பதாலேயே எனக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் நான் சிகிச்சை செய்கிற டாக்டர் இல்லை, பாடம் நடத்துகிற டாக்டர். கையில் ஒரு சோதனைத் தாள்கூட இல்லை. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் டப்பா டப்பாவாகக் கிடக்கிறது, ஆனால் சாலை அடைத்திருக்கிறது, போய்வர முடியாது. என் கணக்கு தப்பாக இருந்தால், வருடம் முழுக்கக் காத்திருந்து மலையடிவாரம்வரை வந்துவிட்ட ஒரு பக்தரின் நேர்த்திக்கடனை ஒரு கிறிஸ்தவப் பெண் கெடுத்தாள் என்று ஆகும். அதை அவர் ஆயுசுக்கும் மறக்கமாட்டார். கணக்கு சரியாக இருந்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், மலைப் படிக்கட்டில் பாதியில் விழுவார்.

டாக்டர் ஹாஃபிஸிடம் போய்ச் சொன்னேன். "சர்க்கரை ஒன்பதுதானே மேடம்? கீட்டோன் அமிலம் என்றால் இருபதைத் தாண்டியிருக்குமே" என்றார். புது மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். சோற்றை விட்டதையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஒரு கணம்கூட மல்லுக்கு நிற்கவில்லை. நேராகப் போய் மாரிமுத்துவின் மார்பில் கை வைத்து, மூச்சை எண்ணிப் பார்த்துவிட்டு, வாக்கி டாக்கியை எடுத்தார். நல்ல மருத்துவருக்கு அடையாளம் அதுதான். நமக்குக் கைகொடுக்கிற மாதிரி ஒருவர் கிடைத்தது அன்றைய பெரிய அதிர்ஷ்டம்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் சாலை முனையில் நின்றது. அதற்கு மேல் ஜனக்கடல், உள்ளே வர வழியில்லை. அதைவிடப் பெரிய தடை எங்கள் நாற்காலியில் இருந்தது. மாரிமுத்து வரமாட்டேன் என்றார்.

"ஏறிட்டு வந்து ஆஸ்பத்திரிக்கு வரேன் மேடம்" என்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு ஆழ்ந்த மூச்சு எடுத்து. "மலை இங்கதான் இருக்கு. தோ தெரியுது."

நான் விளக்க ஆரம்பித்தேன். அமிலம், கொழுப்பு, கல்லீரல் என்று வகுப்பு எடுத்தேன். அவர் மரியாதையாகக் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். பாடம் நடத்திப் பழகியவர்களுக்கு இது ஒரு வியாதி, யாராவது உயிருக்குப் போராடினாலும் கரும்பலகையைத் தேடுவோம்.

சாந்திதான் என்னை நிறுத்தினார்.

"மேடம், அதெல்லாம் வேணாம். ஏறுனா என்னா ஆவும்? நேரா சொல்லுங்க."

"பாதியில விழுந்துருவாருன்னு பயப்படுறேன். விழுந்தா எழுப்ப முடியாமப் போகலாம்."

"நிச்சயமா தெரியுமா?"

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. நிச்சயம் என்று ஒரு சொல் சொன்னால் காரியம் முடிந்துவிடும். ஆனால் அந்த அம்மாள் பால்குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்.

"நிச்சயமா தெரியாதும்மா. ஆஸ்பத்திரியில ரத்தம் பாத்தாத்தான் தெரியும். நான் சொன்னது தப்பா இருந்தா, ஒங்க வீட்டுக்கு வந்து ஒங்க ரெண்டு பேருகிட்டயும் மன்னிப்புக் கேக்குறேன். நான் சொன்னது சரியா இருந்து இவரு ஏறிட்டா, நான் யாருகிட்டப் போய் மன்னிப்புக் கேக்குறது?"

சாந்தி குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். பிறகு தன் கணவர் பக்கம் திரும்பினார்.

"இந்த நேர்த்தி யாருக்கு வச்சது?"

மாரிமுத்து குடத்தைப் பார்த்தார்.

"எனக்குத்தான வச்சீங்க? நான் ஆப்ரேசனுக்குப் போனப்ப, நான் பொழைக்கணும்னு. பொழைச்சாச்சு. பொழைச்சவ நானே தூக்கிட்டுப் போறேன். முருகன் வேணாம்னு சொல்லிருவாரா?"

"நீ விரதம்..."

"நானும்தான் ஒங்ககூட விரதம் இருந்தேன். ஒரு வேளதான் சாப்ட்டேன். யாரு கண்ணுல பட்டுச்சு?"

மாரிமுத்து அவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில்தான் அது பட்டிருக்கவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவர் தலையை அசைத்தார். அவ்வளவுதான். சாந்தி குடத்தைத் தலையில் ஏற்றினார். ரேணுகா ஓடிப்போய்ச் சும்மாட்டைச் சரிசெய்து விட்டாள்.

இனி அவரை ஆம்புலன்ஸ்வரை கொண்டுபோக வேண்டும். தூக்குக்கட்டில் வந்தது, தூக்கவும் ஆள் இருந்தது, வழிதான் இல்லை. டாக்டர் ஹாஃபிஸ் மலாயிலும் ஆங்கிலத்திலும் "வழி விடுங்கள், வழி விடுங்கள்" என்று கத்தினார். மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அதுவரை என்னோடு முறைத்துக்கொண்டிருந்த குணாதான் அப்போது முன்வந்தார்.

"கத்துனா வழி விடமாட்டாங்க டாக்டர். உறுமி அடிச்சா வுடுவாங்க" என்று சொல்லி, குழுவைத் தூக்குக்கட்டிலுக்கு முன்னால் நிறுத்தினார். பிறகு தயங்கி அக்காவைப் பார்த்தார். "அக்கா, ஒனக்கு மேளம்?"

"மேளம் அவரோட போவட்டும். எனக்கு வேல் வேல்னு சொல்ல வாய் இருக்கு."

உறுமி முழங்கியது. காவடி வருகிறது என்று நினைத்துக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மலைக்கு எதிர்த்திசையில் ஒரு மேளம் போவதைப் பார்த்துச் சிலர் திகைத்தார்கள், ஆனாலும் ஒதுங்கிக் கும்பிட்டார்கள். முன்னால் குணாவின் குழு, நடுவில் மாரிமுத்து, பக்கத்தில் சலைன் நீர்ப் பையைத் தூக்கிப் பிடித்தபடி டாக்டர் ஹாஃபிஸ். அவர்கள் கண்ணைவிட்டு மறைந்ததும் நான் மறுபக்கம் திரும்பினேன். சாந்தி தனியாக மலையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மோர் கலக்கினேன். என்ன கலக்கினேன் என்று எனக்கே தெரியாது. குடித்தவர்கள் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். என் பயம் இப்போது திசை மாறியிருந்தது. இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால்? வெறும் வெயில் மயக்கமாக இருந்தால்? அவர் பிழைத்திருக்கட்டும், ஆனால் நான் சொன்னதும் பொய்யாகாமல் இருக்கட்டும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் வேண்டினேன். இப்படிக்கூட ஒருத்தி ஜெபம் செய்வாளா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

மத்தியானம் ஹாஃபிஸ் ரேணுகாவின் எண்ணுக்கு அழைத்தார். அவள் ஒலிபெருக்கியில் போட்டாள். கீட்டோன் மிக அதிகம். இரத்தம் அமிலமாகியிருந்தது. இன்சுலினும் சர்க்கரைத் தண்ணீரும் சேர்த்து ஏற்றுகிறார்கள், அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். "மூச்சு இறங்க ஆரம்பித்துவிட்டது மேடம். ஆள் பேசுகிறார். மலை ஏறியிருந்தால் சொல்ல முடியாது" என்றார்.

நான் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். ரேணுகா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு "மேடம், பசிக்குது லா" என்றாள். பந்தலில் மிஞ்சிய புளியோதரையை இரண்டு பேரும் ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட்டோம். அதைப் போல ருசியான சாப்பாடு எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். பிள்ளைகளுக்கு எண்ணைக் கற்றுக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த எண் எந்த வழியாக வந்தது, வழியில் அதை யார் தடுக்கலாம், யார் வடிக்கலாம் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். மருந்துகள் மாறும். போன வருடம் இல்லாத மாத்திரை இந்த வருடம் வரும். அதைப் பற்றி உங்கள் பழைய கேள்வித்தாளில் ஒன்றும் இருக்காது. வழி தெரிந்த பிள்ளை புது மாத்திரையை அந்த வழியில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று. ஒரு பிள்ளை வந்து முழங்கையைப் பிடித்தால் கரண்டியைக் கீழே வையுங்கள். ஒன்றுமில்லாமல் போனால் உங்களுக்குக் கொஞ்சம் மோர்தான் நஷ்டம்.

நிச்சயம் தெரியாதபோது நிச்சயம் என்று சொல்லாதீர்கள் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாளிடம் பொய் சொல்லியிருந்தால் காரியம் நடந்திருக்கும். ஆனால் முடிவு என்னுடையதாக இருந்திருக்கும், அவருடையதாக இருந்திருக்காது.

மறுநாள் ரேணுகாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாரிமுத்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி, நெற்றியில் விபூதி. பக்கத்தில் சாந்தி. முந்தைய நாள் மலையிலிருந்து இறங்கி நேராக அங்கே வந்தவர், இன்னும் அதே மஞ்சள் சேலைதான். நாங்கள் போனபோது கணவனும் மனைவியும் பால் கணக்கு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நெறைய சிந்திருச்சா?" என்று அவர் கேட்டார்.

"சிந்துச்சு. பாதி படிக்கு, பாதி என் தலைக்கு. நான் என்ன வருசா வருசம் தூக்குனவளா? மிச்சம் இருந்தத ஐயரு வாங்கி ஊத்துனாரு. ஒண்ணும் சொல்லல."

மாரிமுத்து சிரித்தார். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடப் போனார், ஊசி இழுத்தது, "ஆடாதீங்க லா" என்று சாந்தி அதட்டினார். நன்றியெல்லாம் இந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள், இவள் மூக்குத்தான் கண்டுபிடித்தது, ஏதோ பழம் மாதிரி, நகச்சாயத் தண்ணீர் மாதிரி வாசம் வந்ததாம் என்று ரேணுகாவை முன்னால் தள்ளினேன்.

சாந்தி என் பக்கம் திரும்பினார்.

"அந்த வாசமா மேடம்? எனக்குத் தெரியுமே" என்றார். "வீட்டுலயே வந்துச்சு. பக்கத்துல படுத்தா பழ வாசம் அடிக்கும். விரதம் சுத்தமா இருக்காரு, சாமி ஏத்துக்கிட்டாருன்னு நெனச்சேன். தங்கச்சிகிட்டகூட பெருமையா சொன்னேன்."

ரேணுகாதான் மெதுவாக, "அது ஆபத்துன்னு ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும், யாரும் சொல்லித் தரலியே" என்றாள்.

சாந்தி எழுந்து கட்டிலின் ஓரத்தில் கை ஊன்றிக் குனிந்தார். நாங்கள் இருக்கிறோம் என்ற கூச்சம் இல்லாமல் கணவரின் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒருமுறை, பிறகு இன்னொரு முறை.

"இப்ப வெறும் தேத்தண்ணி வாசம்தான்" என்று சொன்னார். மலை ஏறி இறங்கி, இரவு முழுக்க விழித்திருந்து, அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், அப்படிச் சொல்லிவிட்டுத்தான் அழத் தொடங்கினார்.